சிஓடி கணக்கும் ஆறு லட்சமும்: ஆய்வகத்துக்கு எதை வாங்குவது?

கேள்வி: ஐயா, திருப்பூர் அருகே சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எம்.எஸ்சி. முடித்து இங்கே சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு முன்பிருந்தவர் போய்விட்டதால் இப்போது நானும் ஓர் உதவியாளரும் மட்டும்தான். தினமும் ஆறு சிஓடி (தண்ணீரில் உள்ள கரிம அழுக்கைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை), கூடவே பிஎச், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு), குளோரைடு பார்க்கிறோம். சிஓடி முடிந்த கரைசலை நிறையத் தண்ணீர் விட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுவோம். ஆர்ஓவுக்குப் போகும் தண்ணீரில் எனக்கு சிஓடி லிட்டருக்கு 310 மில்லிகிராம் வருகிறது. அதே தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ்ஸில் கோவைக்கு அனுப்பினால் அங்கே 230 என்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். குளோரைடு 2,800 முதல் 3,400 வரை இருக்கும். என் கை சரியில்லை என்று நிர்வாகம் நினைக்கிறது. இந்த ஆண்டு ஆய்வகத்துக்கு ஆறு லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்து லட்சத்துக்குப் பழைய ஏஏஎஸ் கருவி ஒன்று வருகிறது, உலோகங்களையும் நீங்களே பார்த்துவிடலாம் என்கிறார் ஒரு முகவர். உலோகம் பார்க்க வேண்டியவை மாதத்துக்கு நான்கு மாதிரிகள்தான். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மணி,

ஏஏஎஸ் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. சிஓடி கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம் என்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிஓடி சோதனையில் 20 மில்லி மாதிரிக்கு 0.4 கிராம் மெர்குரிக் சல்ஃபேட் என்ற பாதரச உப்பைப் போடுவது வழக்கம். அதில் பாதரசம் மட்டும் சுமார் 270 மில்லிகிராம். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. ஒரே ஒரு குடுவையில் உள்ளதை அந்த வரம்புக்குள் கொண்டுவர 27,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டோம் என்று நீங்கள் சொல்வது எத்தனை குடம்? ஆறு மாதிரியும், மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீரை வைத்துச் செய்யும் ஒரு பிளாங்க்கும் சேர்த்து நாளுக்கு ஏழு குடுவை. மாதத்துக்கு ஏறத்தாழ 50 கிராம் பாதரசம் உங்கள் தொட்டி வழியாகப் போகிறது.

எங்கே போகிறது? உங்கள் தொட்டிக் குழாய் நிலையத்தின் சேகரிப்புத் தொட்டியில்தான் சேரும் என்று நினைக்கிறேன். அங்கிருந்து கொஞ்சம் சேற்றில் படியும், மிச்சம் ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் உப்புத் தண்ணீரோடு போய் ஆவியாக்கியில் கிடைக்கும் உப்பில் சேரும். ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையம் என்றால், உள்ளே போட்டதெல்லாம் உள்ளேயேதான் சுற்றும். நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அந்த நாட்களில் வேலையில்லாமல் ஊர் திரும்பியவர்களை நான் பஸ் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஆற்றுக்காக இயங்கும் நிலையத்துக்குள், ஆய்வகமே பாதரசத்தை ஊற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. முன்பிருந்தவர் செய்ததைப் பார்த்துத்தானே நீங்களும் செய்கிறீர்கள்? இப்படிச் செய்யும் ஆய்வகங்கள் வேறும் உண்டு.

தடித்த பிளாஸ்டிக் கேன் ஒன்றை எடுத்து, 'சிஓடி கழிவு: பாதரசம், வெள்ளி, குரோமியம், அமிலம்' என்று தமிழிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கரைசல் ஆறிய பிறகு அதில் சேருங்கள். வேறு எந்தக் கழிவையும் அதில் கலக்கக் கூடாது. அபாயக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் இது போக வேண்டும். உங்கள் நிலையத்துச் சேற்றுக்கு ஏற்கெனவே அப்படி ஓர் ஏற்பாடு இருக்கும். அதிலேயே இதையும் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

இனி 310க்கும் 230க்கும் வருவோம். உங்கள் கை சரியில்லை என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். எனக்கு மூன்று இடங்களில் சந்தேகம். அவற்றில் ஒன்று கோவையின் எண்ணைப் பற்றியது.

பெரிய சந்தேகம் குளோரைடு. சிஓடியில் நாம் போடும் டைகுரோமேட், கரிமப் பொருள்களைத் தின்பது போலவே குளோரைடையும் தின்றுவிடும். அதைக் கட்டிப்போடத்தான் மெர்குரிக் சல்ஃபேட். குளோரைடின் எடையைப் போல் பத்து மடங்கு வேண்டும். 20 மில்லிக்கு 0.4 கிராம் போட்டால் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும்தான் தாங்கும். உங்கள் தண்ணீரில் 3,000ஐ ஒட்டி இருக்கிறது. பிடிபடாமல் நழுவும் ஒவ்வொரு மில்லிகிராம் குளோரைடும் சிஓடியில் 0.226 மில்லிகிராமைக் கூட்டும். உங்கள் இரு எண்களுக்கும் இடையே உள்ள 80 வருவதற்கு 354 மில்லிகிராம் நழுவினாலே போதும். மெர்குரியைக் கூட்டிப் போடாதீர்கள். மாதிரியைச் சரிபாதியாக நீர்த்துச் செய்யுங்கள். குளோரைடு 1,700க்குள் வந்துவிடும். பிளாங்க்குக்கும் மாதிரிக்கும் இடையே தைட்டரில் வித்தியாசம் நான்கு மில்லிக்கு அருகில் இருக்கும், அது போதுமானது. மிஞ்சிய டைகுரோமேட்டை அளக்க விடும் 0.1 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டில் ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லி பிசகினால் விடையில் 2 பிசகும், நீர்த்ததால் 4. தாங்கலாம்.

இரண்டாவது அந்த ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டேதான். காற்றுப் பட்டு நாளுக்கு நாள் வலு இழக்கும். புட்டியின் மேல் 0.1 என்று எழுதியிருக்கும், உள்ளே 0.095 இருக்கும். நீங்கள் 0.1 என்றே பெருக்கினால் விடை ஐந்து சதவீதம் கூடுதலாக வரும். கவனியுங்கள், குளோரைடும் கூட்டுகிறது, இதுவும் கூட்டுகிறது. தினமும் காலையில் டைகுரோமேட்டோடு தைட்டர் செய்து அன்றைய நார்மாலிட்டியைப் பதிவேட்டில் எழுதுங்கள். கால் மணி நேர வேலை.

மூன்றாவது அந்த பஸ். உயிரியல் தொட்டியைத் தாண்டி வரும் தண்ணீரில் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும். வெயிலில் கேனுக்குள் போகும் வழியெல்லாம் அவை சாப்பிட்டுக்கொண்டே போகும்; கோவையில் இறங்கும்போது சிஓடி குறைந்திருக்கும். கந்தக அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவந்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

இந்த மூன்றில் எது குற்றவாளி என்பதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரியில் உலர்த்தி, ஆறவிட்டு, 425 மில்லிகிராம் நிறுத்து ஒரு லிட்டராக்குங்கள். அதன் சிஓடி 500. யார் எங்கே செய்தாலும் அந்த எண் ஒட்டியே வர வேண்டும். முதலில் அதை அப்படியே ஓட்டுங்கள். 490க்கும் 510க்கும் இடையே வந்தால் உங்கள் கையும் கரைசல்களும் சரி. அடுத்து அதே கரைசல் ஒரு லிட்டரில் 4.95 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடைக் கரையுங்கள். குளோரைடு சுமார் 3,000 ஆகும். இப்போதும் 500 வர வேண்டும். 560, 580 என்று ஏறினால் குளோரைடுதான் கள்ளன். உப்புப் போட்ட இந்தக் கரைசலையே அமிலம் சேர்த்து, பெயர் சொல்லாமல் வழக்கமான மாதிரி போலக் கோவைக்கும் ஒன்று அனுப்புங்கள். அவர்கள் என்ன எண் தருகிறார்கள் என்று பார்த்தால் யாருடைய தராசு யாரை நிறுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்த எண்களோடு நிர்வாகத்தின் முன் போய் நின்றால் உங்கள் கையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஏஏஎஸ் விஷயம். மாதிரியைச் சுடரில் தெளித்து உலோகத்தை அளக்கும் கருவி அது. ஐந்து லட்சத்தோடு செலவு முடியாது. அசிட்டிலீன் சிலிண்டர், காற்று கம்ப்ரசர், சுடருக்கு மேல் புகைபோக்கி, ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி விளக்கு, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் தனி. அசிட்டிலீன் சிலிண்டருக்குள் அசிட்டோன் இருக்கும். அழுத்தம் மிகவும் குறையும்வரை ஓட்டினால் அசிட்டோன் சுடருக்கு வந்துவிடும். இதெல்லாம் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டிய விஷயங்கள்; நீங்களோ தனியாக இருக்கிறீர்கள். பழைய கருவி என்றால், அதன் கணினி நின்றுபோன விண்டோஸ் பதிப்பில்தான் ஓடும் என்பார்கள், உதிரிப் பாகம் வருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்படி ஒன்று வாங்கிய ஓர் ஆய்வகத்தில் நான் இரண்டு ஆண்டு இருந்தேன். ஒரு சிறு வால்வுக்காக ஏழு மாதம் துணி போர்த்திக் கிடந்தது. அந்த ஏழு மாதமும் மாதிரிகள் வெளியேதான் போயின. மாதம் நான்கு மாதிரிகளை நீங்களும் வெளியே அனுப்புங்கள். சென்னை ஐஐடியில் இருக்கும் சைஃப் என்ற நுண்கருவி மையம் வெளியாருக்கும் கட்டணத்துக்குச் செய்து தருகிறது. கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் தொழிலுக்காகவே இருக்கும் இடம். நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, யார் வெளியாருக்கு விடுகிறார்கள் என்று தேட ஐ-ஸ்டெம் என்ற அரசுத் தளம் இருக்கிறது.

ஆறு லட்சத்தை எங்கே போடுவது? முதல் செலவு, சிஓடிக்கு மூடிய குழாய் முறைக்கு மாறுவது. 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கும் சூடேற்றி ஒன்று, இறுக மூடும் கண்ணாடிக் குழாய்கள் சில டஜன். 20 மில்லிக்குப் பதில் 2.5 மில்லி மாதிரி போதும். பாதரசம் எட்டில் ஒரு பங்காகிவிடும், வெள்ளியும் அமிலமும் அதே கணக்கில் குறையும். இன்னொன்று, ஆறு கண்டென்சர்களில் இரண்டு மணி நேரம் ஓடி வீணாகும் குழாய்த் தண்ணீர் மிச்சம். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. புதுக் குழாய்களை முதல் தடவைக்கு முன் 20 சதவீதக் கந்தக அமிலத்தில் கழுவுங்கள். உங்கள் மாதிரியில் குளோரைடு அதிகம் என்பதால் கலங்கல் வரலாம். ஆகவே நிறமானியில் படிக்காமல், இப்போதைக்குத் தைட்டர் செய்தே முடியுங்கள். குளோரைடு வரம்பு இதிலும் அதே 2,000தான், நீர்த்துத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது தராசு. இப்போது என்ன தராசு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசும், அதைச் சரிபார்க்கச் சான்றிதழோடு கூடிய எடைக்கற்கள் இரண்டும் வேண்டும். தராசே தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று விற்பவர் சொன்னாலும் கற்களை விடாதீர்கள். வாங்குவதைவிட வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் நிலையத்தில் காற்றூதும் மோட்டார்கள் இரவும் பகலும் அதிரும். சுவரை ஒட்டித் தனி மேடை கட்டி, மேலே தடித்த கருங்கல் பலகை போடச் சொல்லுங்கள். நேர் மேலே மின்விசிறி கூடாது, ஏசிக் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரிகளுக்கு டிடிஎஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். 50 மில்லியை வற்றவைத்து, 180 டிகிரியில் உலர்த்தி, கிண்ணத்தை நிறுத்தேன். காலிக் கிண்ணத்தைவிடக் குறைவாகக் காட்டியது. கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, தராசோ எடை குறைந்துவிட்டது என்கிறது. மறுபடி நிறுத்தேன், எண் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தது. ஆய்வகத்தில் இருந்த பெரியவர் வந்து கிண்ணத்தைப் புறங்கையால் தொட்டார். "இன்னும் சூடு இருக்கிறது, தம்பி" என்றார். சூடான கிண்ணத்தைச் சுற்றிக் காற்று மேலெழும்பித் தட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆற ஆற எடை கூடுகிறது. அவசரத்தில், ஈரம் படாமல் ஆறவைக்கும் டெசிக்கேட்டரிலிருந்து பத்து நிமிடத்தில் எடுத்திருந்தேன். அன்றிலிருந்து நிறுப்பதற்கு முன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்ப்பேன். இன்றும் கை தானாகப் போகிறது.

கண்ணாடிக் கருவிகள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பியூரெட், பிப்பெட், அளவுக் குடுவை மூன்றும் 'ஏ' வகுப்பாக இருக்கட்டும். பீக்கரும் கூம்புக் குடுவையும் எதுவானாலும் பரவாயில்லை. குடுவையின் மேல் 20 டிகிரியா 27 டிகிரியா என்று பாருங்கள். வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரியில் அளவிட்டவையும் வருகின்றன. இரண்டில் எதுவானாலும் கண்ணாடி விரிவதால் வரும் பிசகு அற்பம். தண்ணீர் விரிவதுதான் பிசகு. ஏசி அறையில் 20 டிகிரியில் தயாரித்த கரைசலை 30 டிகிரி அறையில் பிப்பெட்டில் எடுத்தால் கால் சதவீதம் போய்விடும். ஆகவே கரைசலும் மாதிரியும் ஒரே அறையில் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளந்தெடுங்கள். புதிய பிப்பெட் வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரை 10 மில்லி எடுத்து, நிறுத்து வைத்த மூடிய புட்டியில் விட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். 27 டிகிரியில் 9.955 கிராமை ஒட்டி வர வேண்டும். 'ஏ' வகுப்புக்கு 0.02 இருபுறமும் விடலாம். அதைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். நான் பலமுறை அனுப்பியிருக்கிறேன். கழுவுவதற்குக் குரோமிக் அமிலம் உங்களுக்கு ஆகாது. அதன் ஒட்டு மிச்சமே சிஓடியைக் கெடுக்கும், சோப்பின் ஒட்டும் கெடுக்கும். சோப்பில் தேய்த்தால் குழாய்த் தண்ணீரில் பலமுறை அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் இருமுறை அலசுங்கள்.

பிஎச் மீட்டர் உங்களிடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். எலெக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு புதிய எலெக்ட்ரோடுக்குப் பணம் ஒதுக்குங்கள், மீட்டரை மாற்ற வேண்டாம்.

மிச்சப் பணத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வாங்கலாம். நிறமும் அறுமதிக் குரோமியமும் (540 நானோமீட்டரில்) பார்க்க, கண்ணுக்குத் தெரியும் ஒளி வரைக்கும் காட்டும் எளிய கருவி போதும். புற ஊதா வேண்டாம். அதற்கு வேண்டிய டியூட்டீரியம் விளக்கும் குவார்ட்ஸ் குவெட்டும் இல்லாமல் செலவு குறையும். வாங்குவதற்கு முன் உங்கள் சாயத் தண்ணீரையே எடுத்துப் போய், அவர்கள் முன்னாலேயே வரிசையாகப் பத்து முறை படித்துப் பாருங்கள்.

புகைக் கூண்டு இருக்கிறதா? இல்லையென்றால் இந்தப் பட்டியலில் எதற்கும் முன்னால் அதுதான். சூடான கந்தக அமிலத்தையும் பாதரசத்தையும் மேசையில் வைத்துக் கொதிக்கவிட்டு, சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் விசிறியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கூண்டின் வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். மெல்லிய டிஷ்யூ கீற்றை ஒட்டிவைத்தால், அது உள்நோக்கிச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து வேலை செய்யலாம். கண் கழுவும் குழாயும் வேண்டும். அமிலம் தெறித்தால் பத்து நொடிக்குள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். உங்கள் உதவியாளரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அதுவரை ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள்.

படிப்பதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. தண்ணீர் சோதனைக்கான இந்தியத் தர நிர்ணயம் 3025 வரிசையை, அதை வெளியிடும் பிஐஎஸ் அமைப்பின் தளத்திலிருந்து இலவசமாகவே பதிவிறக்கலாம். நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜனைக் காட்டும் பிஓடியை நாம் ஏன் 20 டிகிரியில் ஐந்து நாளுக்குப் பதில் 27 டிகிரியில் மூன்று நாள் வைக்கிறோம் என்பதெல்லாம் அதிலிருந்து தொடங்கிப் படியுங்கள். ஒரு வேதிப்பொருளின் குணமும் ஆபத்தும் தெரிய பப்கெம் தளம் போதும். தாலேட் வாங்கும்போது சாதாரண ரீஏஜென்ட் புட்டியோடு, சான்றளிக்கப்பட்ட ஒன்றையும் சிறிய அளவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் பிஎன்டி என்ற பெயரில் இந்தியக் குறிப்புப் பொருள்களை வெளியிடுகிறது. உங்களுக்கு ஏற்றது இருக்கிறதா என்று முதலில் அங்கே பாருங்கள்.

தாலேட் சோதனையின் எண்களை எனக்கு எழுதுங்கள். உப்பில்லாமல் வந்தது, உப்போடு வந்தது, கோவை சொன்னது என்று மூன்றும் வேண்டும். அன்றைய ஃபெரஸ் நார்மாலிட்டியையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு, தராசு முதலா சூடேற்றி முதலா என்று உறுதியாகச் சொல்கிறேன். கேன் மட்டும் என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.